இருக்கட்டும் அக்கா

ரத வீதியில் நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அந்த அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் 'இருக்கட்டும் அக்கா'தான். முதலாளிக்கு அவளைவிட நல்ல மூப்பு. அவரும் அக்கா என்றுதான் சொல்வார். சேலை விற்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது என்பதால் அந்த மரியாதை.

நான் சேர்ந்த முதல் வாரமே அதைக் கண்ணால் பார்த்தேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, உளுந்து விற்ற காசை முந்தியில் முடிந்துகொண்டு, மகன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சேலை எடுக்க வந்திருந்தார். மாம்பழக் கலரில் ஒன்றைத் தேர்ந்து மடியில் வைத்துக்கொண்டு, "இது போதும் தாயி" என்றார்.

"அருமையான சேலை மதினி. ஆனா இந்தப் பச்சை நீங்க வந்ததுலேருந்து உங்களையே பார்த்துட்டு இருக்கு."

"ஐயோ, வேண்டாம். கையில அம்புட்டுத்தான் இருக்கு."

"வாங்கவா சொன்னேன்? சும்மா ஓரமா இருக்கட்டும்."

ஓரமாக இருந்த பச்சை, பத்து நிமிடத்தில் மாம்பழக் கலருக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுவீட்டுக்கு என்று ஒரு நீலமும் பின்னாலேயே வந்தது. அந்த அம்மா மூன்று சேலையோடும் வெறும் முந்தியோடும் படி இறங்கினார். போகும்போது அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டு வேறு போனார்.

அதற்குள் டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்தார். காலை டீ முதலாளி கணக்கு. சாயங்கால டீ அவரவர் காசு. எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கினோம். அக்காவிடமும் டம்ளரை நீட்டினார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள்.

அவர் நீட்டிய டம்ளரை மறுபடி வாளிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு மணிக்கு அவர் நீட்டுவதும் அவள் சொல்வதும் பல வருஷமாக நடக்கிற சமாச்சாரமாம்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு முதுகெலும்பே கிடையாது. பந்தியில் "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டால், "இருக்கட்டும்" என்போம். போடாதே என்று அர்த்தம். கேட்காமலே போட்டுவிட்டு, "ஐயோ, கூடிப்போச்சோ?" என்று கேட்டால், அதற்கும் "இருக்கட்டும்"தான். எடுக்காதே என்று அர்த்தம். அக்கா இரண்டையும் பிரித்து வேலைக்கு வைத்திருந்தாள். அடுத்தவர் காசு என்றால் இருக்கட்டும், வாங்கிக்கொள். தன் காசு என்றால் இருக்கட்டும், வேண்டாம்.

"ஊரான் காசை எல்லாம் இப்படிக் கரைக்கியே, உனக்குப் பாவமா இல்லையாக்கா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அடுத்த ஆளைச் செலவழிக்க வைக்கதுக்கு முதலாளி சம்பளம் தாராரு. நான் செலவழிக்காம இருக்கதுக்கு யாருட்டி சம்பளம் தருவா? அதை நானேதான் எனக்குத் தரணும்."

சம்பள நாளில் அவள் வீட்டுக்கு நேராகப் போகமாட்டாள். முதலில் போஸ்ட் ஆபீஸ். மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. ஒன்று வைத்திருந்தாள். அதைக் கட்டிவிட்டு மிச்சத்தோடுதான் வீடு. "சம்பளத்தை முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, அது வீட்டுல எல்லாருகிட்டயும் பழகிரும். பிறகு கூப்பிட்டா வராது" என்பாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் வாங்கிக் கொடுத்த நல்ல போன் இருந்தது. அதில் பணம் அனுப்புகிற வசதி எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. "நோட்டைக் கையில பிடிச்சுக் குடுத்தா, அது போகும்போது நம்மளை ஒரு பார்வை பார்க்கும். நமக்கும் கொஞ்சம் வலிக்கும். போன்ல அது போற மூஞ்சியே தெரியலையே?" என்பாள்.

எனக்கு அந்த வலியெல்லாம் கிடையாது. போன் தவணை, செருப்பு, முடிக்குப் போடுகிற என்னென்னவோ எண்ணெய் என்று எனக்கு வாரத்தில் பாதி நாள் கடைக்கே பார்சல் வரும். பார்சல்காரன் வாசலில் தலைகாட்டினாலே அக்கா ஆரம்பித்துவிடுவாள்.

"ஏட்டி, உன் மாப்பிள்ளை வந்திருக்கான் பாரு. பேசாம அவனையே கட்டிக்கிட்டேன்னா கொண்டாற கூலியாவது மிச்சம்."

அவளிடம் ஒரு வித்தை இருந்தது, அதை எனக்கும் சொல்லித் தந்தாள். பாத்திரக்கடையில் ஒரு குக்கரைப் பார்த்து ஆசை வந்தால், போய்த் தொட்டுப் பார்ப்பாள், மூடியைத் திறந்து மூடுவாள், விலை கேட்பாள். பிறகு அதனிடமே "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். "ஆசையை அடிக்கக் கூடாது மக்கா. அடிச்சா அழும். ஒரு ஓரமா உட்கார வச்சுரணும். அடுத்த மாசம் திரும்பிப் பாரு, அது எந்திரிச்சு வேற ஆளுகிட்ட போயிருக்கும்." நானும் ஒரு சுடிதாரை ஓரமாக உட்கார வைத்துப் பார்த்தேன். அது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் நானே போய்க் கூட்டி வந்துவிட்டேன்.

போனஸ் வந்த நாளில் நாங்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போவோம். எங்கள் ஊருக்கு வந்துவிட்டு ஆட்டுக்கறிப் பிரியாணி சாப்பிடாமல் போகிறவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. அக்காவும் கூடவே வருவாள். நடு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்துத் திறப்பாள். பரிமாறுகிறவரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் குழம்பு மட்டும் இதுல" என்பாள். "யம்மா, இது ஓட்டலா உங்க சித்தி வீடா?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கத்துவார். ஒவ்வொரு தடவையும் ஊற்றுவார். தயிர்சாதத்தில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு மனுஷி அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைவலி, கால்வலி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் கோயில் புற்றுமண்தான் அவளுக்கு வைத்தியம். நெற்றியில் பூசுவாள், முட்டியில் பூசுவாள், ஒரு துளி நாக்கிலும் போட்டுக்கொள்வாள். "அம்மன் பீஸ் கேக்கதில்ல" என்பாள். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக்குக்குக் காசு பிரித்தால் மட்டும் அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு ஸ்டாக் எடுக்கிற வேலை வந்துவிடும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கஞ்சப்பிசினாறி என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். முன்னால் நின்றும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் "இருக்கட்டும்" என்றுதான் சொன்னாள்.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. பின்னால் யாராவது நடந்து வருகிற சத்தம் கேட்டால் அக்கா ஒரு தடவை இருமுவாள். சளி இருமல் இல்லை. தொண்டையைச் செருமி, இங்கே ஆள் இருக்கிறது என்று சொல்கிற இருமல். ரேக்கில் சேலை அடுக்கிக்கொண்டிருப்பாள், நான் பின்னால் போனால் 'க்ஹூம்' என்பாள். கொரோனா முடிந்து கடை திறந்த சமயம், பட்டுச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது இப்படி இருமிவைக்க, ஒரு கல்யாணக் கூட்டமே எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. முதலாளி அன்றைக்குத் திட்டின திட்டு வீதி முழுக்கக் கேட்டது.

காரணம் தெரிந்தது அவள் வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான். காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஒரு வளவுக்குள் வரிசையாக ஏழெட்டு வீடு. எல்லாம் வாடகை வீடுகள், ஒவ்வொன்றும் ஒரே அறை. அக்கா ஆரஞ்சைப் பார்த்து, "எதுக்குட்டி இந்தச் செலவு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நெற்றி நிறையப் புற்றுமண். பேசிக்கொண்டே இருந்ததில் எனக்கு அவசரம் வந்துவிட்டது, எங்கே போக என்று கேட்டேன்.

வளவின் கோடியைக் கை காட்டினாள். "அங்கன இருக்கு, போ. தாழ்ப்பாள் கிடையாது. ஆள் வார சத்தம் கேட்டா இருமு."

வளவு முழுக்கவும் அந்த ஒன்றுதான். தகரக் கதவு, கீழே அரித்துப் போயிருந்தது. உள்பக்கம் முட்டுக் கொடுக்க ஒரு செங்கல். செங்கல் நகர்ந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். நான் உள்ளே போன சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் வந்தது. பயத்தில் எனக்கு இருமலே வரவில்லை. "யாரு உள்ள? சீக்கிரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஒரு ஆண் குரல். அக்கா வீட்டுக்குள்ளிருந்தே எனக்காக ஒரு தடவை சத்தமாக இருமினாள். செருப்புச் சத்தம் நின்றது. நான் வெளியே வந்தபோது பக்கெட்டோடு மூன்று பேர் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு கூச்சம் எனக்கு வந்ததில்லை.

"கல்யாணம் ஆகி வந்த மறுநாள் காலையில மாமியார் எனக்கு முதல்ல சொல்லிக்குடுத்தது அடுப்பு இல்லட்டி, இருமல்" என்றாள் அக்கா. "அன்னைலேருந்து இருமுதேன். மாசத்துல அந்த மூணு நாளும் அழுதுட்டே இருமுவேன்."

பாயைத் தூக்கி, அதற்கடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். புத்தம் புதுசு, நல்ல கனம். இரும்புக்கடையில் இருந்ததிலேயே விலை கூடினது அதுதானாம். பேரம்கூடப் பேசவில்லையாம். அவள் அப்படி ஒரு பொருள் வாங்கியிருப்பாள் என்று கடையில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஊருக்கு வெளியே ராஜபாளையம் ரோட்டில், வெள்ளையடித்த கல் நட்டுப் பிரித்த மனைகளில் ஒன்றைத் தவணையில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்தாள். ஒரு அறை, ஒரு அடுப்படி, அதையொட்டி உள்ளேயே குளிக்கவும் கக்கூசுக்கும் ஒரு இடம், அவ்வளவுதான் திட்டம். அடுத்த தை மாதம் ஆர்.டி. முடிகிறது. கொத்தனாரிடம் சொல்லி வைத்தாயிற்று.

"எல்லாரும் வீடு கட்டத் துட்டுச் சேப்பாவ. நான் தாழ்ப்பாள் போடச் சேக்கேன். பூட்டிட்டு உள்ள உட்காந்தா, வெளிய எவன் நடந்தாலும் நான் இருமக் கூடாது."

அன்றிலிருந்து நான் அவளைக் கஞ்சம் என்று சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. சாயங்கால டீயை விட்டுப் பார்த்தேன். மூன்று நாள் தாங்கியது.

அக்கா இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்த இடத்தில் அவள் புருஷன் பெரிய மடையாகத் திறந்துவிட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தங்கமான மனுஷர், ஆனால் தங்கம் என்ன விலை விற்கிறது என்று தெரியாத மனுஷர். மேலநீலிதநல்லூரில் கட்டிக் கொடுத்த தங்கச்சியின் மகள் பெரியவளானாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் இவர் கொண்டுபோக வேண்டும். யாரோ நாலு பேர் கூட நிற்க, தங்கச்சிக்குப் போனைப் போட்டு, "என் மருமவளுக்கு ஒரு பவுன்ல சங்கிலி போடுதேன்" என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் நாங்கள் கடை மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் போன் அடித்தது. அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கிற இடம் பழுதாகி ஒரு வருஷம் இருக்கும். சரி பண்ணச் சொன்னதற்கு அவள் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும். அதனால் அவளுக்கு வருகிற போன் எல்லாம் ஸ்பீக்கரில், ஊருக்கே பொது.

"மதினி, நல்லாருக்கீங்களா?" நாத்தனார் குரல். பின்னால் ஏழெட்டுப் பேர் பேசுகிற சத்தம். "அண்ணன் நேத்து போன் போட்டு, பிள்ளைக்கு ஒரு பவுன்ல சங்கிலி போடுதேன்னு சொல்லுச்சு. நெசமாவா?"

அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. எங்கள் கையும் நின்றது.

"தங்கம் விக்க விலையில எதுக்கு மதினி இதெல்லாம்? தட்டு, சேலை, பூ, பழம் வந்தாப் போதாதா? சங்கிலியெல்லாம் வேண்டாம் மதினி."

அக்காவின் முகத்தில் உயிர் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள்! நெஞ்சு நிறைந்து, வாய் தானாகச் சொன்னது.

"இருக்கட்டும்."

நாத்தனார் போனைவிட்டு வாயை எடுத்து யாரிடமோ சொல்வது கேட்டது. "பார்த்தீங்களா, எங்க மதினி மனசை! நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதேன், இருக்கட்டும், இருக்கட்டும்னு சொல்லுதாவ!" மறுபடி போனுக்கு வந்து, "சரி மதினி, உங்க ஆசையை நான் ஏன் கெடுக்கணும்? வச்சிருதேன்" என்றாள். வைத்தும்விட்டாள்.



"யக்கா, நீ இப்ப என்ன சொன்னே?" என்று நான்தான் கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் அக்கா.

"நீ போடுதேன்னுல்ல சொல்லிட்டே!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 'சரி, நீ சொன்னபடியே இருக்கட்டும்' என்று இவள் சொன்னாள். 'நீ மறுத்தாலும் எங்கள் சீர் இருக்கட்டும்' என்று அவள் கேட்டாள். எத்தனையோ பெண்களை மூன்று சேலை எடுக்க வைத்த சொல், தேடி வந்து அவளையே சங்கிலி எடுக்க வைத்துவிட்டது.

"உடனே போன் போட்டு வேண்டாம்னு சொல்லுக்கா" என்றேன்.

போட்டாள். பிசியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் போட்டாள், அப்போதும் பிசி. நாத்தனார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சங்கிலிச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. அக்கா போனைப் பைக்குள் போட்டாள்.

"இருக்கட்டும்னு சொல்லிட்டு, இருக்க வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு, "ஏட்டி, அவ மட்டும் நம்ம கடைக்கு வேலைக்கு வந்தான்னா, நான் கணக்கை முடிச்சுட்டுப் போயிரணும்" என்றாள்.

நாத்தனார் தெரிந்தே அப்படிக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று நாங்கள் ஒரு மாதம் பட்டிமன்றம் நடத்தினோம். தெரிந்தேதான் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான்.

ஆர்.டி.யைப் பாதியில் உடைத்தாள். சங்கிலி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போனாள். எதிரே நின்ற விற்பனைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சங்கிலியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, ஒரு ஜோடிக் கம்மலையும் பக்கத்தில் வைத்தாள்.

"இது வேண்டாம்மா" என்றாள் அக்கா.

"வாங்கச் சொல்லலக்கா. சங்கிலிக்கு ஜோடியா, சும்மா ஓரமா இருக்கட்டும்."

அக்கா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதிரி சிரித்தாள். "நல்லா வருவே தாயி" என்று சொல்லிவிட்டு, சங்கிலிக்கு மட்டும் பணத்தை எண்ணி வைத்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பின்னால் கடைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தபோது, அழுகைக்கு நடுவிலும் ஒரு தடவை இருமினாள். எனக்கு அந்த வீதியில் இருக்கிற அத்தனை நகைக்கடைக்கும் தீ வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

சடங்குக்குப் போய்விட்டு வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை கழுத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சங்கிலி விலைக்கு மூணு தரம் சோறு வாங்கித் தின்னுட்டு வந்தேன்."

மீதிப் பணத்தில் திட்டம் முழுசாக முடியாது. ஒரு அறையை மட்டும் எழுப்பலாம். இல்லையென்றால் குளியலறையையும் கக்கூசையும் சேர்த்து மட்டும் கட்டலாம், தொட்டியும் குழாயுமாக. இரண்டில் ஒன்றுதான். புருஷன் அறைதான் முதலில் என்றார். கடை வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்க்க, இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

"கூறுகெட்டவளே, முதல்ல படுக்க ஒரு ரூம்பு. அதுக்குப் போக அங்கன எம்புட்டுக் காடு கிடக்கு!"

"காடு உங்களுக்குக் கிடக்கு. எனக்கு எங்கன கிடக்கு?"

"ஊர் சிரிக்கும்."

"நான் செங்கலை முட்டுக் குடுத்துக்கிட்டு உட்காந்தப்ப ஊர் சிரிக்கலையோ? சங்கிலி உங்க வாய்க்காகப் போட்டாச்சு. இது எனக்கு."

சங்கிலி என்ற சொல் வந்ததும் அவர் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சங்கிலி என்று சொன்னால் போதும், அவர் எதற்கும் சம்மதிப்பார். அக்கா அதையும் சிக்கனமாகத்தான் செலவழித்தாள், பெரிய பெரிய காரியத்துக்கு மட்டும்.

அதற்குள் நான் தென்காசியில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். தை மாதம் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுதேன், வந்துரு. எதுவும் வாங்கிட்டு வராத" என்றாள். எப்படியோ அறையையும் எழுப்பிவிட்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷமாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு போனேன்.

சுற்றிலும் சீமைக் கருவேலம். வெள்ளைக் கற்கள். நடு மனையில் தன்னந்தனியாக, ரோஸ் கலர் பெயின்ட் அடித்து, தலையில் நீலத் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு கக்கூஸ் நின்றது. வாசலில் மாவிலைத் தோரணம். முன்னால் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

கடைப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். கையில் குத்துவிளக்கு, சாமி படம். இன்னொருத்தியும் என்னைப் போலவே கடிகாரம் வாங்கி வந்திருந்தாள். மாட்டுவதற்கு இருந்தது அந்த ஒரு கட்டடத்தின் சுவர்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம். புருஷன் வருகிறவர்களிடமெல்லாம், "ரூம்பு பிறகு வரும். இது முன்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாரா வாரம் லோடு ஆட்டோவுல ஏத்தி இங்கன குளிக்கக் கொண்டாந்து விடணுமாம், இந்தக் கொடுமையை எங்கன போய்ச் சொல்ல?" என்றார். சங்கிலியின் பெயரால் அதற்கும் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

நாத்தனாரும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை கழுத்தில் அந்தச் சங்கிலி. "என்ன மதினி, இதுக்கா பால் காய்ச்சுதீய?" என்று கேட்டாள். அக்கா அரை லிட்டர் பாக்கெட்டை வெட்டி, பாதியை மட்டும் ஒரு சின்னப் பானையில் ஊற்றினாள். "சின்னப் பானைன்னா சட்டுனு பொங்கிரும், விறகும் மிச்சம்" என்றாள். மீதிப் பாதியை எங்களுக்கு டீ போட எடுத்து வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன், அவளுக்கும் சேர்த்துத்தான் டம்ளர் இருந்தது.

அடுப்பைப் பற்றவைத்தாள். கை கழுவினாள். நாத்தனார் மகள் மெதுவாக, "அத்தை, நான் ஒரு தடவை உள்ள போயிட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

"போலாம் மக்கா. நீயும் போலாம், உங்க அம்மாவும் போலாம். முதல்ல நான்."

செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பித்தளைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பால் ஆடை கட்டி மேலே எழும்பியது. புருஷனுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு சரசரக்கக் கதவுப் பக்கம் போனார். கடைப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அவர் கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டார். உள்ளே இருமல் இல்லை.

"ஏட்டி, பால் பொங்குது, வெளிய வா! எல்லாம் வழியுது!"

"இருக்கட்டும்" என்றாள் அக்கா.

பால் பொங்கி வழிந்து, செங்கலை நனைத்து, அடுப்பை அணைத்தது. அவர் தட்டுவதற்குத் தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டு, எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவள் வருகிறவரை யாரும் கதவைத் தட்டவில்லை.